அடிபட்ட பிள்ளைக்கு மைதானத்தில் ஓர் ஓரம் வேண்டும்

கடலூர் மாவட்டத்தின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊருக்கு ஊர் கபடிக் குழு நடத்தும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து கபடி ஆடுகிறாள். சென்ற ஆண்டு ஒரு போட்டியில், ரைடு வந்த பெண்ணின் காலைப் பிடிக்கக் குனிந்தவளுக்கு நெற்றிப்பொட்டில் முட்டி இடித்தது. மயக்கமில்லை, ரத்தமில்லை. முகத்தில் தண்ணீர் அடித்து, ஐந்து நிமிடத்தில் திரும்பக் களத்தில் இறக்கிவிட்டார்கள். அன்றிரவு "அம்மா, லைட்டை அணை, கண்ணு கூசுது" என்றாள். இரண்டு தடவை வாந்தி. மருத்துவமனைக்கு ஓடினோம். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரெஸ்ட் எடுக்கட்டும் என்று அனுப்பினார்கள்.

எத்தனை நாள், எப்படி என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி மூன்று வாரம் இருட்டில் படுக்க வைத்தேன். பார்க்க வந்த தோழிகளை வாசலோடு அனுப்பினேன். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். தலைவலி போகவில்லை. தூக்கம் கெட்டது. எதற்கென்று தெரியாமல் அழுதாள். கொல்லைப்புறம் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, புதுச்சேரியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போனோம். அவர் டிரெட்மில்லில் ஏற்றியதும் எனக்கு வயிறு கலங்கியது. மார்பில் நாடி பார்க்கும் பட்டை கட்டி, வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கு நிமிடம் சரிவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நாடி 140ஐத் தொட்டபோது தலை கனக்கிறது என்று கை காட்டினாள். அங்கேயே நிறுத்திவிட்டார். "இது உன் எல்லை. இதில் 80லிருந்து 90 சதவீதத்துக்குள், அதாவது 112க்கும் 126க்கும் நடுவில் நாடி நிற்கிற மாதிரி தினமும் 20 நிமிடம் நட. அதுதான் மருந்து" என்றார்.

எலும்பு முறிந்தால் படத்தில் தெரியும். அடியில் மூளை குலுங்கி வரும் இந்தக் காயம் (கன்கஷன் என்பார்கள்) பெரும்பாலும் தெரியாது. இதயத் துடிப்பையும் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் சீராக வைக்கிற ஒழுங்கு அடியில் குலைந்திருக்கலாம், எல்லைக்குள் அளந்து கொடுக்கும் நடை அதைத் திரும்பப் பழக்குகிறது என்று விளக்கினார்.

மறுநாளிலிருந்து வெயில் ஏறுமுன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவாள். நான்காம் நாள் பக்கம் இப்போதும் என் முன்னால் இருக்கிறது: நடக்குமுன் 3, நடந்தபின் 5, ஒரு மணி நேரம் கழித்து 3. இரண்டு மார்க் வரை ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயமில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஐந்தாம் வாரத்தில் நடக்குமுன்னும் 0, நடந்தபின்னும் 0 என்று எழுதினாள்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக மருத்துவர் ஜான் லெட்டி தலைமையில் 2019இல் வெளியான ஆய்வில், விளையாட்டில் தலையில் அடிபட்ட 13 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 103 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லைக்குள் உடற்பயிற்சி செய்தவர்கள் தேறிய இடைநிலைக் கணக்கு, அதாவது பாதிப் பேர் தேறிவிட்ட நாள் கணக்கு, 13 நாள். கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய, விளையாட்டில் தலையில் அடிபடுவது பற்றிய சர்வதேச நிபுணர்களும் இதையே சொன்னார்கள்: முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, செல்போனைக் குறைப்பது, பிறகு மெல்ல நடப்பது. இருட்டறை வைத்தியம் வேண்டாம்.

இனி உங்களிடம் கேட்பது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் திரும்ப ஆட விடாதீர்கள், இறுதிப் போட்டியாக இருந்தாலும். வாந்தி, வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் தளர்ச்சி, கடும் கழுத்துவலி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இது முதல் வேண்டுகோள்.

இரண்டாவதுதான் எனக்கு மனதில் உறுத்துவது. "முழுசா சரியான பிறகு வாம்மா" என்று என் மகளை மைதானத்துக்கே வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் மஞ்சக்குப்பம் மைதானத்தைப் பஸ் தாண்டும்போதெல்லாம் அவள் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இரண்டு நாள் ஓய்வு முடிந்து டாக்டர் சரி என்றதும் அந்தப் பிள்ளையை மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் ஆடட்டும், இவள் ஓரமாக நடக்கட்டும். டிரெட்மில் இல்லையென்றால் மெதுவான நடையில் தொடங்கி, மார்க்கைப் பார்த்தே கூட்டலாம். நடை, லேசான ஓட்டம், தனியாக ரைடு பழகுவது என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் கொடுங்கள். வகுப்புக்கு முழுதாகத் திரும்பி, டாக்டரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் பிடித்து ஆடுவது.

செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டு. நின்ற உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் நாடி. என் மகளுக்கு 28லிருந்து 31 வரை எண்ண வந்தால் சரியான வேகம். இன்னொரு பிள்ளைக்கு அது வேறாக இருக்கும். உங்கள் எல்லோரிடமும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் எனக்கு வேலையில்லை. எந்தப் பள்ளி மைதானம் என்று சொல்லுங்கள், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எண்ணிக் காட்டுகிறேன். மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு கபடி ஆட்டக்காரியின் அம்மா,
கடலூர்