அமெரிக்கக் கார் வளைவில் திரும்பாதா? பிரிட்டிஷ் மோட்டார் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமர்சகர்களே,

'ஆட்டோகார்' இதழ் 1895 முதல் வெளிவருகிறது. ஒரு காரை ஓட்டிப் பார்த்து, அளந்து, குறையை மறைக்காமல் எழுதும் வழக்கத்தை வளர்த்ததில் உங்கள் நாட்டு இதழ்களுக்குப் பெரும் பங்குண்டு. சக்கரங்களுக்கும் வண்டிக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி உங்கள் எழுத்திலிருந்து வந்தது. அதனால்தான், அமெரிக்கக் கார் என்றதும் உங்களில் பலர் அந்தக் கவனத்தைக் கைவிட்டு, அது பழைய தொழில்நுட்பம், வளைவில் திரும்பாது என்று எழுதிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

செவர்லே கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதில் லாரியின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) இருக்கிறது என்று எத்தனை முறை எழுதியிருப்பீர்கள்! லாரியில் எஃகுப் பட்டைகளை அடுக்கி, வண்டியின் நீளவாக்கில் வைத்து, இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சையே அதில் கட்டியிருப்பார்கள். கார்வெட்டில் இருந்தது கண்ணாடி இழையாலான ஒற்றைப் பட்டை. அது குறுக்குவாட்டில் கிடந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை அதற்கு இல்லை. அதைக் கைகள் போன்ற தனி இணைப்புத் தண்டுகள் செய்தன, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசைந்தது. 1981இல் பின்பக்கம் இந்தப் பட்டை வந்தபோது, பழைய எஃகு ஸ்பிரிங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. 1984 முதல் 2019 வரை முன்னும் பின்னும் அதுவே. எடை குறைவு, தரையை ஒட்டிய அமைப்பு, வளைவில் வண்டி சாய்வதையும் ஓரளவு தடுக்கும். குறையும் உண்டுதான், அதை ஓட்டிப் பார்த்து எழுதியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். 2015இல் வால்வோவின் எக்ஸ்சி90 பின்பக்கத்தில் இதே வகைப் பட்டையோடு வந்தது. அதை லாரித் தொழில்நுட்பம் என்று உங்களில் யாரும் இகழ்ந்து நான் படித்ததில்லை.

அடுத்த புகார், புஷ்ராடு எஞ்சின், அதாவது வால்வுகளைக் கீழிருந்து நீண்ட தண்டுகளால் தள்ளித் திறக்கும் பழைய வகை எஞ்சின். "5.7 லிட்டர் எஞ்சின், லிட்டருக்கு இவ்வளவு குறைந்த குதிரைத்திறனா?" என்பீர்கள். லிட்டரால் வகுக்கும் இந்தப் பழக்கத்துக்கு உங்கள் நாட்டு வரி வரலாற்றிலும் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1921 முதல் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வரி. அந்தக் குதிரைத்திறனையும் சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் வைத்தே கணக்கிட்டார்கள். ஃபோர்டு மாடல் டி வைத்திருந்தவர் ஆண்டுக்கு 23 பவுண்டு கட்டினார். ஆஸ்டின் செவன்காரருக்கு 8 பவுண்டு. சிறிய எஞ்சினைப் பிழிந்து வேலை வாங்குவது அங்கே கட்டாயமாயிற்று. பெட்ரோல் மலிவாகவும் சாலை நீளமாகவும் இருந்த அமெரிக்காவில் அந்த நெருக்கடி இல்லை. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டை எஞ்சினின் நடுவே கீழே வைத்தால் மேற்பகுதி குறுகும், உயரம் குறையும், பாரம் தாழ்வாக அமையும். லிட்டர் கூடினாலும் எஞ்சின் அவ்வளவாகப் பருக்காது. இது சோம்பேறித்தனம் அல்ல, வேறொரு கணக்கு.

இதே கணக்கில் பிறந்த எஞ்சினைத்தான் நீங்கள் பல்லாண்டுகள் கொண்டாடினீர்கள். அமெரிக்காவின் ப்யூக் கைவிட்ட 3.5 லிட்டர் அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினின் உரிமையை உங்கள் நாட்டு ரோவர் 1960களில் வாங்கியது. அதுவும் புஷ்ராடுதான். 1968இல் மார்கன் ப்ளஸ் 8க்கும் 1970இல் ரேஞ்ச் ரோவருக்கும் உயிர் கொடுத்தது அதுவே. உங்கள் ஜென்சன் இன்டர்செப்டருக்குள் இருந்ததோ அமெரிக்காவின் கிரைஸ்லர் வி8. பானெட்டின் மேல் ஆங்கிலப் பெயர் இருந்தபோது அந்த எஞ்சின்கள் உங்களுக்கு இனித்தன.

வளைவில் திரும்பாது என்பதற்கு பிரான்சின் லே மான்ஸ் 24 மணிநேரக் கார் பந்தயம் பதில் சொல்லிவிட்டது. 2005இலும் 2006இலும் அங்கே ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான ஜிடி1 பிரிவில் உங்கள் ஆஸ்டன் மார்ட்டினை முந்தி வென்றது 7 லிட்டர் புஷ்ராடு கார்வெட். ஓட்டியவர்களில் உங்கள் நாட்டு ஆலிவர் கேவினும் ஒருவர்.

கண்டிக்க வேண்டியது இல்லாமல் இல்லை. 1990களிலும் 2000களிலும் அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் தயாரித்த பல கார்களின் உட்புறப் பிளாஸ்டிக் படுமட்டம். ஃபோர்டு மஸ்டாங் 2014 வரை பெரும்பாலும் பின்பக்கத்தில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் முழு அச்சை வைத்துக்கொண்டிருந்தது. மேடுபள்ளமான வளைவில் அது துள்ளியது உண்மை. இதையெல்லாம் அமெரிக்கர்களே எழுதினார்கள். 2005இல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸில் கார் விமர்சகர் டேன் நீல் பான்டியாக் ஜி6 காரைக் கண்டித்து எழுதிய பிறகு, அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பத்திரிகைக்குச் சில மாதங்கள் விளம்பரம் தருவதையே நிறுத்தியது. கடுமை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. காரைப் பற்றிப் பேசத் தொடங்கி, அதை வாங்குபவரின் உடல் பருமனையும் அறிவையும் இகழ்ந்து முடிக்கிறார்களே உங்கள் தொலைக்காட்சிக்காரர்கள் சிலர், அது விமர்சனமே அல்ல.

இனி ஒரு அமெரிக்கக் காரைச் சோதிக்கும்போது, அது அங்கே என்ன விலைக்கு விற்கிறது, எந்தச் சாலைக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் உங்கள் ஊர் வேலியோரக் குறுகிய சாலையோடு நிறுத்தாமல், அதன் சொந்த நெடுஞ்சாலையில் ஒரு முழு நாள் ஓட்டிவிட்டு எழுதுங்கள். அதன் பிறகும் கார் மோசம் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள், நான் நம்புவேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்