மயக்க ஊசி வேண்டுமா என்பதைப் பரிசோதனைக் கட்டிலில் கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 63 வயதான என் அக்காவை இரைப்பை எண்டோஸ்கோபிக்காக (கேமரா பொருத்திய குழாயை வாய் வழியே இறக்கி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) குடியாத்தத்திலிருந்து வேலூரில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு அண்மையில் அழைத்துச் சென்றேன். முன்பதிவுச் சீட்டில் தேதியும் நேரமும் ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்ற வரியும் மட்டுமே இருந்தன. உள்ளே அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடித்து, பல்லிடுக்கில் பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தப் போகும் நேரத்தில்தான், “மயக்க ஊசி போட்டுச் செய்யட்டுமா, அப்படியே செய்யட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே மிரண்டுபோன அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். குழாய் தொண்டையில் இறங்கியதும் குமட்டல் தாங்காமல் இரு கைகளாலும் அதைப் பற்றி இழுத்துவிட, பரிசோதனை பாதியில் நின்றது. எட்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

இதில் சொல்லுக்கும் பங்கு உண்டு. வெயிலில் தலைசுற்றி விழுந்தாலும் மயக்கம், வயிற்றைத் திறந்து அறுவை செய்யக் கொடுப்பதும் மயக்கம், எண்டோஸ்கோபிக்கு நரம்பில் ஏற்றும் சிறிதளவு மிடசோலம் என்ற தூக்க மருந்தும் மயக்கம் என்றால், படிக்காதவர் என்ன, படித்தவரும்தான் குழம்புவார். மிடசோலம் அளவாகக் கொடுக்கப்படும்போது நோயாளி அரைத் தூக்கத்தில் இருப்பார். கூப்பிட்டால் பதில் சொல்வார். மூச்சைத் தானே விடுவார். நடந்தது பெரும்பாலும் பிறகு நினைவிருக்காது. மூச்சு மந்தமாகும் ஆபத்து இதிலும் இருப்பதால்தான் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மருந்தின் வேகத்தை முறிக்க மாற்று மருந்தும் உண்டு. பலத்த குறட்டை, ஆஸ்துமா, இருதய நோய், தினமும் போடும் தூக்க மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் இதனால்தான். ஊசியே இல்லாமல், ஸ்பிரே மட்டும் போட்டுக்கொண்டு பரிசோதனையை முடித்து அன்றே வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவரோ 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. கூட ஒருவர் இருந்து வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். தீப்பெட்டி வேலைக்குப் போகும் வீட்டில் துணைக்கு ஒருவர் வருவதென்றால் அவருடைய ஒரு நாள் கூலி போயிற்று. இதையெல்லாம் வீட்டில் கலந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். வாயில் வளையம் ஏறப்போகும் நேரத்தில் கேட்டால் வருவது பதில் அல்ல, பயம்.

இரண்டாம் முறை போனபோது மூத்த செவிலியர் ஒருவர் அக்காவின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். குழாய் சுண்டு விரல் பருமன்தான் என்று தம் விரலைக் காட்டினார். “எச்சில முழுங்காதீங்கம்மா, வாயோரமா வழியட்டும். மூக்கால மெதுவா மூச்சு விடுங்க. குமட்டும், ஆனா மூச்சு அடைக்காது” என்றார். ஊசியைப் பற்றியும் விளக்கினார். அக்கா தாமாகவே ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “எப்ப உள்ள கூப்பிடுவாங்க?” என்று அவர் என்னிடம் கேட்டதை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் இதே கதைதான். அதன் தடதட சத்தத்தைப் பற்றியோ, கையில் கொடுக்கும் ரப்பர் பந்தை அமுக்கினால் வெளியில் இருப்பவரைக் கூப்பிடலாம் என்பதையோ குழலுக்குள் போகும் முன் எல்லோருக்கும் சொல்வதில்லை.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் ஊரில் ஊழியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதை அறிவேன். அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை முதல் நாளே செலவிட்டிருந்தால் ஒரு பரிசோதனை நேரமே மிஞ்சியிருக்கும். ஆகவே, தேதி கொடுக்கும் மேசையிலேயே தமிழில் ஒரு பக்கத் தாளும் கொடுக்க வேண்டும். குழாய் போகும்போது எப்படி இருக்கும், ஊசி போட்டால் என்ன ஆகும், கூடுதல் கட்டணம் உண்டா, திட உணவை எத்தனை மணி நேரம் முன்பும் தண்ணீரை எத்தனை மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும், துணைக்கு ஆள் தேவையா என்பவை அதில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை அங்கேயே ஒருவர் வாசித்துக் காட்டட்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ அதற்குப் பிறகு வாங்கட்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.