மாப்ளைக்கு, பனிக்கு டார்ப் தைச்ச கதை

மாப்ள,

உன் மெசேஜ் வந்து நாளாச்சு, போன்ல கட்டைவிரலால தட்டி முடியுற விஷயம் இல்லைன்னு இப்பதான் ஒழுங்கா உட்கார்ந்து எழுதுறேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், பிசியோதெரபியை மட்டும் பாதில நிறுத்த விட்டுடாதே, என் மாமியார் அப்படி விட்டுட்டு இன்னும் கஷ்டப்படுறாங்க. பெரியவன் டெக்ஸ்டைல் படிக்கமாட்டேன்னு சொன்னதுக்கு நீ ஏன் இவ்ளோ மனசு விட்டுப்போற? நாம மட்டும் என்ன ஆசைப்பட்டா சேர்ந்தோம், கவுன்சிலிங்ல மிச்சம் இருந்ததை எடுத்தோம், அவ்ளோதான். ஆனா ஒண்ணு சொல்றேன், ஊரை விட்டு வந்து இத்தனை வருஷம் கழிச்சு அந்தப் படிப்பு எனக்கு இப்பதான்டா உருப்படியா உதவியிருக்கு.

போட்டோ பார்த்துட்டு கேட்டல்ல, "பனிக்குள்ள போய் எதுக்குடா தூளி கட்டித் தூங்குற, வீட்ல சண்டையா"ன்னு. சண்டை எல்லாம் இல்ல. டொராண்டோல இருந்து வடக்கே மூணு மணி நேரம் வண்டி ஓட்டினா அல்கான்குவின் பார்க் வரும், 1893-லயே காட்டை ஒதுக்கி வச்சிருக்காங்க, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல. குளிர்காலத்துல மியூ லேக் கேம்ப்கிரவுண்டை திறந்து வைப்பாங்க. அந்தப் பக்கம் பூரா பாறை, வேரு, மேடு பள்ளம், டென்ட் போட சமமா ஒரு இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு, ஆனா மரத்துக்கு பஞ்சமே இல்ல. அதனாலதான் ஹேமக், ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற தூளி. நேரா படுத்தா முதுகு வளையும், கொஞ்சம் குறுக்கா சாய்ஞ்சு படுத்தா கிட்டத்தட்ட சமமா படுக்கலாம், இடுப்பு வலிக்காரனுக்கு இதைவிட நல்ல படுக்கை கிடையாது.

குளிர்ல ஒரு சிக்கல் இருக்கு. ஹேமக்ல குளிர் மேல இருந்து வர்றதில்ல, கீழ இருந்து வரும். ஸ்லீப்பிங் பேக்ல அடியில இருக்கிற இறகு உன் எடையில நசுங்கிடும், நசுங்கின இறகுல காத்து நிக்காது, காத்து நிக்கலன்னா சூடும் நிக்காது. அதனால ஹேமக்குக்கு வெளிப்பக்கம், முதுகுக்கு அடியில, நசுங்காத மாதிரி ஒரு மெத்தையைத் தொங்க விடுவாங்க, அண்டர்க்வில்ட்னு பேரு. அது மைனஸ் 15-லயும் நல்லா வேலை செய்யும், ஆனா அடியில காத்து அடிச்சா அவ்ளோதான், சூட்டை எல்லாம் உருவிட்டுப் போயிடும். அந்தக் காத்தைத் தடுக்கத்தான் டார்ப், ஹேமக்குக்கு மேல கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டுற ஷீட். அதனால நான் சொல்ல வர்றது என்னன்னா வெயில் காலத்துல டார்ப் மழைக்கான கூரை, பனிக்காலத்துல அது சுவர். கூரையா நினைச்சு டிசைன் பண்ணினா எல்லா அளவும் தப்பாப் போகும், சுவரா நினைச்சா அகலம், சரிவு, கதவு எல்லாம் தானா சரியா வந்து உட்காரும்.

கடையில ரெடிமேடா கிடைக்குது, இல்லன்னு சொல்லல. காசு மிச்சம்னு நான் தைக்கல, துணி நூல் நாடா எல்லாம் கணக்கு போட்டு என் ராத்திரிகளையும் சேர்த்தா கடையே லாபம். என் ஹேமக் 11 அடி, அதுக்கு ஏத்த அளவு, கதவு நான் நினைக்கிற மாதிரி, கயிறு கட்டுற இடம் நான் நினைக்கிற இடத்துல வேணும், அதுக்காகத்தான்.

முதல்ல துணி. இங்க உன் பாடம்தான்டா, வைவால நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கேட்டாரே மாய்ஸ்ச்சர் ரீகெய்ன், காய்ஞ்ச நூல் காத்துல இருந்து எவ்ளோ ஈரம் இழுக்கும்ங்கிற கணக்கு, அதேதான். டார்ப்னா எல்லாரும் சில்நைலான்னு சொல்லுவாங்க, கிழிசல் பரவாம கட்டம் கட்டமா நெய்த ரிப்ஸ்டாப் நைலான்ல சிலிகான் கோட்டிங். கிழியாது, இழுவைக்கு நல்லா தாங்கும். ஆனா நைலான் ஈரம் குடிக்கும், ரீகெய்ன் 4 சதவீதம்னு படிச்சோம்ல, பாலியஸ்டருக்கு 0.4 தான். ஈரம் குடிச்ச நைலான் நீளும், சாயங்காலம் முரசு மாதிரி இழுத்துக் கட்டினது நடுராத்திரி தொய்ஞ்சு முகத்துக்கு மேல வந்து நிக்கும், மழையில எழுந்து இன்னொரு தடவை இழுத்து விடலாம், மைனஸ் 15-ல க்ளவுஸ் கழட்டி உறைஞ்ச முடிச்சை யார் அவிழ்க்கிறது? அதனால நான் சில்பாலி எடுத்தேன், அதே சிலிகான் கோட்டிங் போட்ட பாலியஸ்டர், 20 டெனியர். உனக்கு விளக்கணுமா, 9,000 மீட்டர் நூல் 20 கிராம்தான்! மொத்த டார்ப்பும் கதவு நாடா எல்லாம் சேர்த்து அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல, மடிச்சா ஒரு தண்ணி பாட்டில் அளவு. கலர் ஆரஞ்சு, பச்சை கலர் அழகா இருக்கும்தான், ஆனா அஞ்சு மணிக்கே இருட்டுற ஊர்ல விறகு பொறுக்கப் போனவன் திரும்பி வர்ற வழி தெரியணுமே.

அளவு விஷயத்துல பைதகரஸ்தான் துணை. துணி 150 சென்டிமீட்டர் அகலம், ரெண்டு துண்டை உச்சியில சேர்த்துத் தைச்சா ஒரு பக்கத்துக்கு சுமாரா 5 அடி. 5 அடி சரிவு வச்சு தரையில நடுவுல இருந்து 3 அடி தள்ளிக் கட்டினா உயரம் 4 அடி வரும், 3-4-5 முக்கோணம். சரிவு 53 டிகிரி. இந்த சரிவு ஏன் முக்கியம்னா, புதுசா விழுற பனி ஒரு கனமீட்டருக்கு சுமாரா 100 கிலோ வரும், ஈரப் பனி அதைவிட மடங்கு கணக்குல கனம், பத்து சென்டிமீட்டர் தேங்கினாலே ஒரு சதுர மீட்டர் மேல 10 கிலோ. தட்டையா கட்டினா உன் மேலதான் விழும், சரிவா கட்டினா தானா வழுக்கிப் போகும். விளிம்பை தரையில இருந்து அரை அடி தூக்கி நிறுத்தி அந்த இடைவெளியை வெளிப்பக்கம் பனியைக் குவிச்சு அடைச்சுடுவேன், உயரமும் நாலரை அடி ஆயிடும், ஹேமக்கும் உள்ள அடங்கும்.

நீளம் 12 அடி. 11 அடி ஹேமக்கை தொங்கவிட்டா முனைக்கு முனை 9 அடி சொச்சம்தான் வரும், நீளத்துல 83 சதவீதம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அப்போ 12 எதுக்குன்னா ரெண்டு பக்கமும் கதவு மடிஞ்சு மூட இடம் வேணும், ஹேமக் முனை கதவுல இடிக்கக்கூடாது. கதவுங்க நாலும் அதே 3-4-5 முக்கோணம், ஒரு கையகலம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி கூடுதலா விட்டேன், உச்சியில மட்டும் வேணும்னே கொஞ்சம் வெட்டி விட்டேன். நம்ம மூச்சு போக வழி வேணும்டா, இல்லன்னா உள்பக்கம் பூரா உறைபனி படிஞ்சு, காலையில கயிறைத் தொட்டதும் கழுத்துக்குள்ள கொட்டும்.

அப்புறம் வளைவு. நேரா வெட்டின விளிம்பை ரெண்டு முனையில இழுத்தா நடுவுல துணி சும்மா படபடக்கும், ராத்திரி பூரா தூங்க விடாது. உள்பக்கமா லேசா வளைச்சு வெட்டினா முனையில இழுக்கிற இழுவை விளிம்பு முழுக்க பரவும். கேட்டனரின்னு சொல்லுவாங்க, சங்கிலியைத் தொங்கவிட்டா வர்ற வளைவு, 1691-ல ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னௌலி மூணு பேரும் தனித்தனியா கணக்கு போட்டு முடிச்சாங்க. எனக்கு எதுக்கு கணக்கு, கராஜ் சுவர்ல ரெண்டு ஆணி அடிச்சு மெல்லிசு சங்கிலியைத் தொங்கவிட்டு பின்னாடி பேப்பர் ஒட்டி கோடு போட்டுக்கிட்டேன், உச்சி விளிம்புக்கு ரெண்டரை இஞ்ச் ஆழம், பக்க விளிம்பை மூணா பிரிச்சு ஒவ்வொரு நாலு அடிக்கும் ரெண்டு இஞ்ச். இது கேட்டனரிதானா பரவளையமான்னு மணிக்கணக்கா விவாதம் பண்றவங்க இருக்காங்க, இவ்ளோ ஆழம் கம்மியான வளைவுல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூல் தடிமன்கூட வராது, கையில கத்திரிக்கோல் பிடிச்சவன் அதை வெட்டிக் காட்டட்டும் பார்ப்போம்.

தையல்ல நீ சிரிக்கப் போற. உன் யூனிட்ல இருக்கிற ஃபீட் ஆஃப் தி ஆர்ம் மிஷின் இருந்தா ஜீன்ஸ் கால் ஓட்டுற மாதிரி உச்சித் தையலை ரெண்டே நிமிஷத்துல ஓட்டி முடிச்சிருப்பே. எனக்கு இருக்கிறது ஒரு பழைய வீட்டு மிஷின். சிலிகான் துணி வழுக்குற வழுக்கலுக்கு மேல் துணி ஒரு பக்கம் போகும் கீழ் துணி இன்னொரு பக்கம் போகும், குண்டூசி குத்தினா ஓட்டை அப்படியே நிக்கும், அதனால கிளிப் போட்டு, முன்னாடி ஒரு கை பின்னாடி ஒரு கை பிடிச்சு இழுத்துக்கிட்டே, ஆனா இழுத்துடாம ஓட்டணும், புரியுதா? 11-ம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மில்லி. பொடியா தைச்சா உறுதின்னு நினைப்போம், இந்தத் துணில அது தபால்தலை ஓரத்துல ஓட்டை போட்ட கதைதான், இழுத்தா அந்த வரியோட கிழியும். ரெண்டு மடிப்பையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி ரெண்டு வரி. கயிறு கட்டுற ஒவ்வொரு இடத்துலயும் அதே துணில ரெண்டு ஒட்டு வச்சு, அதுக்கு மேல நாடாவை வளையமா மடிச்சு பார்டேக், அதாவது ஒரே இடத்துல நெருக்கி அடிக்கிற உறுதித் தையல். என் மிஷின்ல ஜிக்ஜாக்கை நெருக்கி முன்னயும் பின்னயும் ஓட்டினதுதான் பார்டேக்.

தைச்ச ஓட்டை வழியா தண்ணி வராம இருக்க சீல் பண்ணணும். சிலிகான் மேல சிலிகான் தவிர வேற எதுவும் ஒட்டாது, ரெயின்கோட்டுக்குப் போடுற சீம் டேப் எல்லாம் உரிஞ்சு வந்துடும். ஹார்டுவேர் கடையில பாத்ரூம் ஓரத்துக்குப் பூசுற சிலிகானை வாங்கி மினரல் ஸ்பிரிட்ஸ்ல கரைச்சு பிரஷ்ல பூசினேன். வீடு பூரா வினிகர் நாத்தம். வீட்டம்மா ரெண்டு நாள் கராஜ் பக்கமே வரல, வந்ததும் "இதுக்கு ஒரு ஹோட்டல் ரூமே எடுத்திருக்கலாமே"ன்னு மட்டும் கேட்டா.

சரி, காட்டுல எப்படின்னு கேட்பே. மரத்துல அகலமான நாடாதான் போடணும், மெல்லிசு கயிறு மரப்பட்டையை அறுத்துடும். கட்டுறதுக்கு முன்னாடி அண்ணாந்து பார்க்கிறது முக்கியம், காய்ஞ்ச கிளை தொங்குற மரத்துக்கு கீழ எவ்ளோ நல்ல இடமா இருந்தாலும் வேணாம். உச்சிக் கயிறு டார்ப்புக்கு அடியில ஓடணும், பனி பாரத்தை அது ஏந்திக்கும். பனியில ஆணி அடிச்சா நிக்காது, வெண்ணெய்ல குத்தின மாதிரி வந்துடும், அதனால ஒரு குச்சில கயிறைச் சுத்தி பனிக்குள்ள படுக்கையா புதைச்சு மிதிச்சு விட்டு டீ போடப் போயிடணும், அரைமணி நேரத்துல பனித்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகிடும், அப்புறம் நீயே இழுத்தாலும் வராது. எனக்கு இந்த வேலைல ரொம்பப் பிடிச்சதே இதுதான், விழுந்து கிடக்கிற பனியையே ஆணியா வச்சுக்கிறது.

போன மாசம் போன ராத்திரி ஏரி பக்கம் இருந்து நல்ல காத்து, மேல பைன் மரம் எல்லாம் ஓன்னு கத்துது, உள்ள ஹெட்லாம்ப் வெளிச்சத்துல பார்த்தா துணி அசையுது, தொங்கவிட்ட துண்டு அசையல. எனக்கு அதுவே பரீட்சை பாஸ். நடுவுல ரெண்டு தடவை உள்ள இருந்து தட்டி விட்டேன், பனி சரசரன்னு ஓடிப்போச்சு.

இப்போ உன்கிட்ட ரெண்டு வேலை. நெருக்கமான ஜிக்ஜாக் எவ்ளோ இழுவை தாங்கும்னு உங்க லேப்ல டென்சைல் டெஸ்ட் பண்ண முடியுமா, நான் அதே துணி, அதே நாடால துண்டு துண்டா தைச்சு சித்தப்பா பையன் வர்றப்ப கொடுத்து விடுறேன், கூடவே உங்க பார்டேக் மிஷின்லயும் சிலது ஓட்டி ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லு. இன்னொண்ணு, திருப்பூர் காதர்பேட்டை பக்கம் விண்ட்சீட்டருக்கு வர்ற மெல்லிசு பாலியஸ்டர் கட் பீஸ் கிடைக்குதான்னு பாரு, கோட்டிங் இல்லாட்டி பரவாயில்ல, அடுத்தது அண்டர்க்வில்ட் தைக்கலாம்னு இருக்கேன், அதுக்கு கோட்டிங் இருக்கவே கூடாது. கலர் எதுவா இருந்தாலும் சரி, பிங்க் மட்டும் வேணாம், பொண்ணு எடுத்துக்கிட்டுப் போயிடுவா.

தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத் தேதி முடிவானா உடனே சொல்லு, டிக்கெட் விலை ஏறுறதுக்கு முன்னாடி போட்டுடணும்.

உன் பழைய ரூம்மேட்