கோரை திரும்ப முளைச்சது பத்தி நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல வடவள்ளி, சரவணம்பட்டி பக்கம் தோட்டம், காலி சைட்டுன்னு களை எடுக்க நம்ம ஆளுங்கள கூப்பிடுற உங்களுக்கு நம்ம வேலையப் பத்தி புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஆனா கொஞ்ச நாளா வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு போட்டோ சுத்திட்டிருக்கு, நாங்க சுத்தம் பண்ணின தோட்டத்துல மறுபடியும் பச்சைப்பசேல்னு களை நிக்குது, கீழ "அடுத்த தடவையும் காசு வாங்கணும்னு வேணும்னே வேர விட்டுட்டுப் போறாங்க"ன்னு எழுதியிருக்காங்க. வேலை சரியில்லன்னு சொல்லியிருந்தா நேர்ல வந்து பாத்திருப்போம், வேணும்னே பண்ணோம்னு சொன்னதுதான் தாங்க முடியல.

அந்தப் போட்டோவுல இருக்கறது கோரைங்க. தண்ட விரல்ல உருட்டிப் பாருங்க, மூணு பட்டையா தட்டுப்படும். இழுத்தா தாள் மட்டும் கையோட வந்துரும், கிழங்கு மண்ணுக்குள்ளயே தங்கிரும். கறுப்பா, நிலக்கடலைப் பருப்பு சைஸுல, மெல்லிசு வேரால ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கிடக்கும். மேல ஒரு கிழங்கு முளைச்சு நிக்கிற வரைக்கும் அதே வேர்ல இருக்கற மத்தது தூங்கும், அத எடுத்ததும் இது கிளம்பும். அதனாலதான் ரெண்டு மூணு வாரத்துல வர்ற துளிர, புதுக் கிழங்கு வைக்கிறதுக்குள்ள, திரும்பத் திரும்ப எடுக்கணும்னு ஒவ்வொரு வீட்லயும் சொல்றோம். அந்த வீட்லயும் சொன்னோம், மண்ணக் கிளறி உழுற ரோட்டாவேட்டர் மெஷின மட்டும் விட்டுராதீங்க, வேர் அறுந்து துண்டுக்கு ஒண்ணா முளைக்கும்னும் சொன்னோம், நாங்க வந்த பின்னாடி வேற ஆள வச்சு ஓட்டியிருக்காங்க.

மருந்தடிச்சா முடிஞ்சுதேன்னு கேக்கறவங்களுக்கு, கிளைபோசேட்ங்கற களைக்கொல்லிய பூச்சி கட்டுப்பாட்டு லைசென்ஸ் உள்ளவங்க மட்டும்தான் அடிக்கலாம்னு 2022லயே மத்திய அரசு உத்தரவு போட்டிருச்சு, நம்மகிட்ட அந்த லைசென்ஸ் கிடையாது. அடிச்சாலும் இலை இல்லாம தூங்கற கிழங்குக்கு அது போய்ச் சேராது.

பார்த்தீனியமும் அப்படித்தான், பூத்த பின்னாடி கூப்பிட்டா ஒரு செடிக்கே ஆயிரக்கணக்குல விதை உதிர்ந்திருக்கும், அடுத்த மழைக்கு முளைக்கத்தான் செய்யும். அதப் புடுங்கற நம்ம அக்காங்க முழங்கை பூரா தடிச்சு சிவந்து போயிருக்கு, கையுறை போட்டும் கழுத்துல அரிக்குதுன்னு ரெண்டு பேர் வேலைக்கே வரல. இப்படி வேலை செய்றவங்கள ஏமாத்துக்காரங்கன்னா மனசு கேக்குமாங்க?

அந்தக் குரூப்புலயே நமக்காகப் பேசினவங்களுக்கு, வெயில்ல நிக்கிறாங்கன்னு சொம்புல மோர் கொண்டாந்து குடுக்கறவங்களுக்கு எல்லாம் ரொம்ப ரொம்ப நன்றிங்க, உங்கள நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுது. கூலியும் பெட்ரோலும் ஏறினதால தை மாசத்துல இருந்து ரெண்டாவது விசிட்டுக்கும் சின்னதா ஒரு சார்ஜ் வரும், அத போன்லயே சொல்லிருவோம்.

மழை விட்டு மண்ணு ஈரமா இருக்கறப்பவே கூப்பிடுங்க, பார்த்தீனியம் பூக்காம இருந்தா இன்னும் நல்லது, அப்பத்தான் வேரோட வரும்.