சக்கைக்கு முதலில் இடம் பார்

மக்களே,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஓசூர்ப் பக்கம் நீங்கள் வாங்கிய 30 சென்டில் மா, கொய்யா, நெல்லி, எலுமிச்சை என்று நெருக்கி வட்டம் போட்டிருக்கிறாய். அந்த ஊரில் பலா என்பார்களே, நம்ம சக்கை, அதற்கும் அதே அளவில் ஒரு சின்ன வட்டம். அது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. விளையில் ஒரு சக்கை மரம் வைப்பதென்றால் அதற்கு இடம் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அடுத்த பெரிய மரத்துக்கு 30 அடியாவது விடு. மதில் ஓரம் வேண்டவே வேண்டாம்.

தொட்டியில் வளர்ந்த பெரிய கன்றாக வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. வேண்டாம். சக்கைக்கு ஆணிவேர்தான் உயிர். நாள்பட்டால் அது தொட்டிக்குள் சுருண்டுவிடும், அப்புறம் நிலத்தில் வைத்தாலும் நேராக இறங்காது. மரம் நிற்கப்போகிற இடத்திலேயே கொட்டையைப் போடு. காயவைத்து எடுத்துவைத்த கொட்டை முளைக்காது. பழம் அறுத்த கையோடு வழுவழுப்புப் போகக் கழுவி, ஒரு நாள் தண்ணீரில் கிடத்தி, மண்ணில் புதைக்க வேண்டும். ஒரு குழிக்கு மூன்று போட்டு, திடமாக வருவதை மட்டும் விட்டுவை.

கெட்டிச் சுளை வருக்கையின் கொட்டையில் வருக்கையே வரும் என்று இல்லை, கொழகொழவென்ற கூழனும் வரலாம். அதனால் கன்று பென்சில் தடிமன் ஆனதும் நம்ம தொழுவத்துப் பக்கம் நிற்கிற வருக்கையின் கம்பைக் கொண்டுவந்து அங்கேயே ஒட்டிவிடலாம். வேரும் கெடாது, சுளையும் உனக்குப் பழகின சுளை.

அங்கே மழை நம்ம ஊர் அளவுக்குக் கிடையாது. முதல் இரண்டு கோடையும் கன்றின் அடிமூட்டில் சருகு போட்டுத் தண்ணீர் விடு. மேற்கே இரண்டு வாழை வைத்தால் உச்சிவெயிலுக்குப் பிறகு நிழல் விழும். மரம் பெரிதானால் அடியில் இஞ்சியும் சேம்பும் தன்னால் நிற்கும்.

காய்க்கத் தொடங்கும்போது தடியிலேயே விரல் போலத் திரி வரும். பாதி கறுத்து, பூசணம் பிடித்து உதிரும். பிஞ்சு கொட்டுகிறதே என்று பயந்து மருந்து அடித்துவிடாதே, அது ஆண் பூ, அதன் வேலை முடிந்தது. காம்பு தடித்துப் பச்சையாக நிற்பதுதான் காயாகும்.

இந்தக் குலசேகரம் பக்கம் எத்தனை பேர் சக்கையை வெட்டிவிட்டு ரப்பர் வைத்தார்கள்! உன் அப்பா வெட்ட விடவில்லை. வைகாசி நடுவில் தொடங்கும் எடவப்பாதி மழையில் ரப்பர் பால்வெட்டு நின்று கையில் காசில்லாத நாட்களில், சக்கையை வேகவைத்து மசித்த புழுக்கும் கஞ்சியும் கொட்டைக் கறியுமாகத்தான் உங்களை வளர்த்தோம். களியக்காவிளை தாண்டினால் கேரளா, அங்கே 2018-இல் அதை மாநிலப் பழமாக அறிவித்தார்கள். நம்ம வீட்டில் அந்த மரியாதை என்றைக்கும் உண்டு.

சக்கை வெயிலைத் தாங்கும், மூட்டில் தேங்குகிற தண்ணீரைத் தாங்காது. இப்போதே முழ ஆழம் ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிறைத்துப் பார். மறுநாளும் வற்றாமல் கிடந்தால் அந்த இடத்தை விட்டுவிடு, மேடாகப் பார். வைகாசிக் கடைசியில் பழத்தோடு வருகிறேன். அதற்குள் குழி எங்கே என்று முடிவு செய்து சொல்.

அம்மா