எல்க் வேட்டைக்குக் கிளம்பும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கொலராடோவில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போக, அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடைய .300 வின்செஸ்டர் மேக்னம் (வேகமான, பலமான ஒரு தோட்டா வகை) ரைஃபிளை மலிவாகத் தருகிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காரணத்தை வாட்ஸ்அப்பில் சொல்லி மாளாது, அதனால் இந்தக் கடிதம். இங்கே அல்சூரில் எங்கள் பழைய சாப்பர்களின் (ராணுவப் பொறியியல் படைக்காரர்களின்) பிள்ளைகளும் மருமகன்களும் பாதிப் பேர் அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் சிலரும் இதையே கேட்கிறார்கள் என்பதால் பொதுவில் போடுகிறேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் மெட்ராஸ் சாப்பர்ஸில் வெகுகாலம் எஸ்.எல்.ஆர். என்ற ராணுவ ரைஃபிளைத் தூக்கியவன். அதில் போட்ட 7.62 மி.மீ. ரவுண்டும், அதாவது தோட்டாவும், உங்கள் ஊர்க் கடையில் .308 வின்செஸ்டர் என்று விற்பதும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஆக, ஒரு தோட்டா தோளில் எப்படி உதைக்கும், குறித்தாளில் எங்கே போய் விழும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் சட்டம். நீங்கள் ஹெச்1பி விசாவில் இருக்கிறீர்கள். அந்த மாதிரி விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். முறையாக வாங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதனால் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் லைசென்ஸ், அதற்கும் அப்புறம்தான் ரைஃபிள். "சும்மா என் துப்பாக்கியில் பழகு" என்று நண்பர் அதற்கு முன்னால் நீட்டினாலும் கை வைக்காதீர்கள்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். ஒரே ரைஃபிளில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். கொலராடோவில் அந்த 'எல்லாம்' என்பது ஐம்பது கிலோ பிராங்ஹார்ன் என்ற மான் மாதிரி மிருகத்தில் தொடங்கி, மியூல் மான் வழியாக, முந்நூறு கிலோவைத் தாண்டும் ஆண் எல்க் வரை போகும். நாகரஹொளெயில் ஜீப்பை மறித்து நின்றதே ஒரு கடமான், எல்க்குக்கு அதைவிடச் சற்றுப் பெரிய உடம்பு. ஆனால் சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது .24 காலிபர் (அங்குலத்தில் குண்டின் விட்டம்), 85 கிரெய்ன் (சுமார் ஐந்தரை கிராம்) எடையில் விரியும் குண்டு, நூறு கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு சக்தி, அவ்வளவுதான். .308 தோட்டாவும் .30-06 தோட்டாவும் அந்த தூரத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தருகின்றன. ஆக, சக்தி போதுமா என்பது இங்கே கேள்வியே இல்லை.

எந்த மாதிரி குண்டு என்பதுதான் கேள்வி. கடையில் தோட்டாப் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், நுனியில் உட்கார்ந்திருக்கும் குண்டைப் பற்றிப் பேச்சே வராது. எங்கள் ராணுவக் குண்டு முழுக்க உலோக உறை போட்டது. உடம்பில் பட்டால் பெரும்பாலும் விரியாமல் ஊடுருவிப் போகும். 1890-களில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் ராணுவத் தோட்டாவான .303-இல் இதே குறையைக் கண்டு, கல்கத்தா பக்கத்திலுள்ள டம்டம் தொழிற்சாலையில் நுனி உறையை நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி குண்டு செய்தார்கள். பட்டதும் காளான் மாதிரி விரிந்தது. 1899-இல் ஹேக் மாநாட்டில் போருக்கு அதைத் தடை செய்தார்கள். வேட்டையில் நிலைமை தலைகீழ்: விரியும் குண்டுதான் கட்டாயம். மிருகம் துளை வாங்கிக்கொண்டு மைல் கணக்கில் ஓடி எங்கோ கிடந்து சாகக்கூடாது, நுரையீரல் கிழிந்து சீக்கிரம் விழ வேண்டும். ராணுவ மிச்சச் சரக்கு மலிவாகக் கிடைத்தால் தாளில் சுட்டுப் பழக வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

விரிவதிலும் அளவு உண்டு. 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் ஒரு மூஸை (எல்க்கைவிடப் பெரிய மான்) சுட்டார். கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம், அந்தக் காலத்தின் வேகமான தோட்டா. சேறு அப்பிய தோலில் பட்ட குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிட்டன. ஊருக்குத் திரும்பியதும் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த ஒரு குண்டை அவரே செய்தார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். பார்டிஷன் என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. வேகம் கூடக் கூட மெல்லிய குண்டு சிதறும் ஆபத்தும் கூடும். உங்கள் நண்பரின் மேக்னத்தில் எனக்குள்ள முதல் சந்தேகம் இதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு ஆள் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பகுதி .275 ரிக்பியில், அதாவது ஏழு மில்லிமீட்டர் குண்டில். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்த மனிதர். அதற்காக அவரைப் பின்பற்றச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இன்று ஆபத்தான மிருகங்களுக்கு குறைந்தது .375 காலிபர் இல்லாமல் விடுவதில்லை. நம் பெங்களூர்க்காரர், வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் வைத்திருந்தார். புதர்க்காட்டில் கிட்டத்தில் வரும் புலிக்கு அந்த 300 கிரெய்ன் மொட்டைக் குண்டு சரி. புல்வெளிக்கு அந்தப் பக்கம் இருநூறு கெஜத்தில் நிற்கும் எல்க்குக்கு அது வளைந்து விழும்.

என் பரிந்துரை .30-06. எஸ்.எல்.ஆர். பாசத்தில் .308 சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். 1906-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா இது. .270 வின்செஸ்டர், .25-06 எல்லாம் இதன் பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கிப் பிறந்தவைதான். 150 கிரெய்னில் இருந்து 220 வரை குண்டு போட்டுக் கடையில் விற்கிறார்கள். மானுக்கு 150, எல்க்குக்கு 180 என்று ஒரே ரைஃபிளில் மாற்றிக்கொள்ளலாம், மாற்றும்போதெல்லாம் குறியை மட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டும். எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். நல்ல .308 ஒன்று கைக்கு அமைந்தால் அதையும் தயங்காமல் வாங்குங்கள். 180 கிரெய்னில் இரண்டுக்கும் வேக வித்தியாசம் வினாடிக்கு நூறு அடிக்குள்தான், எல்க் அதைக் கண்டுபிடிக்காது.

சுடும்போது தோளில் விழும் உதைதான் உண்மையான விஷயம். எட்டு பவுண்டு ரைஃபிளில் 180 கிரெய்ன் .30-06 சுமார் 20 அடி-பவுண்டு உதைக்கும். .300 மேக்னம் 25-க்கு மேல். 6.5 கிரீட்மோர் என்ற சின்னத் தோட்டா 12 பக்கம். கொஞ்சம் பயந்தாலே கண் மூடும், விரல் ட்ரிக்கரைப் பிடுங்கும், குண்டு மிருகத்தின் வயிற்றில் போகும். பயிற்சியில் எங்கள் உஸ்தாத் (பயிற்சி ஆசிரியர்) மேகசினில் நடுநடுவே வெடிக்காத டம்மி ரவுண்டு கலந்து வைப்பார். டம்மி வந்ததும் வெடிச் சத்தம் இருக்காது, ஆனால் பயந்தவனின் துப்பாக்கி முனை மட்டும் குதிக்கும். அப்புறம் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். லைசென்ஸ் வந்த பிறகு நண்பரிடம் சொல்லி இதைச் செய்து பாருங்கள். .30-06-இலேயே முனை குதித்தால் 6.5 கிரீட்மோருக்கு இறங்கிவிடுங்கள். 2007-இல் வந்தது, இலக்குச் சுடுவதற்காகவே செய்தது என்று கிழவர்கள் சிரிப்பார்கள். ஸ்வீடன்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 6.5 காலிபரில்தான் மூஸ் அடித்துச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். தோள் தாங்கவில்லையென்றால் இறங்குவதுதான் முறை, ஏறுவதல்ல.

இன்னொன்று, வீட்டில் பேத்தி இருக்கிறாள். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டி வெகுதூரம் இறைச்சியில் பரவும், குழந்தைகளுக்கு ஈயம் ஆகவே ஆகாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையில் இருந்து வேட்டைக்கு ஈயமே கிடையாது. கொலராடோவில் அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும் முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள். உடையாமல் ஆழமாகப் போகும், அதனால் 165 கிரெய்னே எல்க்குக்குப் போதும். விலை கூடுதல்தான். வேட்டையே பிடிக்காத என் மகளைச் சமாதானப்படுத்த இதைவிட மலிவான வழி இல்லை.

இருநூறு கெஜத்துக்குக் குறி வைத்துக்கொள்ளுங்கள். 180 கிரெய்ன் என்றால் நூறில் சுமார் இரண்டு அங்குலம் மேலே படும், முந்நூறில் எட்டு ஒன்பது அங்குலம் கீழே. முந்நூறுக்கு அப்பால் இந்த வருஷம் சுடாதீர்கள். மேசையில் சாய்ந்து சுட்டதெல்லாம் கணக்கில் வராது. முட்டி போட்டும், மரத்தில் சாய்ந்தும், கொஞ்சம் ஓடி மூச்சு வாங்கும்போதும் சுட்ட தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். அக்டோபரில் சீசன் தொடங்கும் முன் நான் பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா
அல்சூர், பெங்களூர்