மாத்திரை அளவை மாற்ற மதுரை வரை போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரல் சுருக்க நோய்க்கு நான்கு ஆண்டுகளாகச் சிகிச்சை பெறும் என் கணவரை, கமுதிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு அழைத்துச் சென்று சிறப்பு மருத்துவரிடம் காட்டித் திரும்ப ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது. அங்கே பெரும்பாலும் நடப்பது எடை பார்ப்பதும், கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பதும், இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோதான். ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் என்ற முறையில் சொல்கிறேன், இதற்காக வயிற்றில் நீர் கோத்த ஒருவரைப் பேருந்தில் அலைக்கழிக்க வேண்டியதில்லை; மருத்துவர் காணொளி வழியாகவே பார்த்துச் சொல்லலாம்.

இந்நோயில் ஆபத்தின் முதல் அறிகுறிகள் வீட்டில்தான் தெரிகின்றன. எடை திடீரென ஏறினால் நீர் சேர்கிறது என்று பொருள். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் குடிப்பவருக்குத் தினம் இரண்டு மூன்று முறை மலம் கழிகிறதா, பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்பதெல்லாம் உடனிருப்பவருக்குத்தான் தெரியும். கைகளை நீட்டி மணிக்கட்டை உயர்த்தச் சொன்னால், மூளை பாதிப்பைக் காட்டும் கை உதறலை மருத்துவர் காணொளியிலேயே கண்டுகொள்ளலாம்.

தொலைவழி மருத்துவத்தின் புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்று ஈரல் நோயிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டத்தில், சிற்றூர் மருத்துவர்கள் காணொளி வழியே நிபுணர்களுடன் கலந்து பேசி ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள். 2011இல் வெளியான ஆய்வின்படி, பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரும் சிற்றூர்களில் 58.2 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். ஊசியும் கடும் பக்கவிளைவுகளுமாக இருந்த காலத்துச் சிகிச்சை அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் தொலைவழி மருத்துவத்துக்கான நெறிமுறைகள் 2020 மார்ச்சிலேயே வெளியாகிவிட்டன. மருத்துவரிடம் காணொளியில் ஆலோசனை பெற மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையும் இருக்கிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறார்கள். அவர்களே ஈரல் நோயாளியின் எடையையும் வயிற்றுச் சுற்றளவையும் வாரம் ஒருமுறை குறித்து அனுப்பி, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை குடல் பிரிவில் ஒரே மருத்துவர் குறித்த நாளில் காணொளியில் பேசும்படி ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவரிடம் கதையை முதலிலிருந்து சொல்வதாக இருந்தால், பேருந்தே மேல்.

முதல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, நீர் எடுத்தல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கான ஸ்கேன் ஆகியவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். இரத்த வாந்தி, கறுப்பு மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி, நினைவு தடுமாற்றம் ஆகியவற்றுக்குக் காணொளிக்குக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீடுகள் எங்கள் பகுதியில் இன்னும் இருப்பதால், துணை சுகாதார நிலையத்திலிருந்தே பேசும் வசதியையும் மக்கள் நல்வாழ்வுத் துறை செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.